47-வது பிரிவை இரு தரப்பும் காட்டுவது ஏன்? நெறிமுறைக் கோட்பாடுகள் நீதிமன்றத்தில் எப்போது எடுபடும்

கள் இறக்க அனுமதி கேட்டு ஈரோடு, திருப்பூர்ப் பக்கம் நடக்கும் கூட்டங்களில் அரசியலமைப்பின் 47-வது பிரிவு (மக்களின் ஊட்டச்சத்தை உயர்த்துவதும் மதுவை விலக்குவதும் பற்றியது) தவறாமல் பேசப்படும். ஊருக்குள் டாஸ்மாக் கடை வேண்டாம் என்று திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கொடுக்கும் மனுவிலும் அதே 47 இருக்கும். ஒரே பிரிவு கள்ளுக்கு ஆதரவாகவும் மதுக்கடைக்கு எதிராகவும் எப்படி இருக்க முடியும் என்று செய்தி படிப்பவர்கள் குழம்புகிறார்கள். இந்தப் பிரிவை மட்டும் கையில் வைத்துக்கொண்டு நீதிமன்றம் போனால் இரு தரப்புமே வெறுங்கையோடு திரும்பத்தான் வாய்ப்பு அதிகம் என்பது இன்னும் பலருக்குத் தெரிவதில்லை.

47 எந்தப் பகுதியில் இருக்கிறது என்பதுதான் காரணம். நொய்யல் ஆற்றில் கலந்த திருப்பூர்ச் சாயக்கழிவு, விசைத்தறி முன்பணம், கெயில் எரிவாயுக் குழாய் என்று கொங்கு வட்டாரத்தில் நடந்த பெரிய வழக்குகள் எல்லாவற்றுக்கும் அடியில் இதே விஷயம் இருக்கிறது. எனவே அடிப்படையிலிருந்து போவோம்.

எந்தப் பகுதியில் எது

1. மூன்றாம் பகுதி, 12 முதல் 35 வரை: அடிப்படை உரிமைகள். சமத்துவம் (14), பேச்சு, சங்கம், தொழில் போன்ற சுதந்திரங்கள் (19), உயிர் வாழும் உரிமை (21), கட்டாய உழைப்புக்குத் தடை (23), ஆபத்தான வேலைகளில் 14 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குத் தடை (24) எல்லாம் இதில் வரும். இவற்றுக்கு முரணான சட்டம் செல்லாது என்கிறது 13. உரிமை பறிபோனால் 32-ன் கீழ் நேராக உச்ச நீதிமன்றம் போகலாம். 226-ன் கீழ் உயர் நீதிமன்றம் போகலாம்.

2. நான்காம் பகுதி, 36 முதல் 51 வரை: அரசுக்கான நெறிமுறைக் கோட்பாடுகள். கிராமப் பஞ்சாயத்து (40), வேலை, கல்வி, முதுமையில் உதவி (41), வாழ்வதற்குப் போதுமான கூலி (43), ஊட்டச்சத்தும் மதுவிலக்கும் (47), கால்நடை இனங்கள் (48), சுற்றுச்சூழல் (48ஏ), நீதித்துறையை நிர்வாகத்திலிருந்து பிரிப்பது (50) ஆகியவை இதில் உள்ளன. பொது சிவில் சட்டம் பற்றிய 44-ம் இந்தப் பகுதிதான்.

3. 4ஏ பகுதி, 51ஏ: குடிமக்களின் அடிப்படைக் கடமைகள். 1976-ல் 42-வது திருத்தத்தில் சேர்ந்தது.

நான்காம் பகுதிக்குச் சாவி 37-வது பிரிவு. அது இரண்டு விஷயம் சொல்கிறது. இந்தக் கோட்பாடுகளை எந்த நீதிமன்றமும் நேரடியாக நிறைவேற்றச் சொல்ல முடியாது என்பது ஒன்று. இவை நாட்டை ஆள்வதற்கு அடிப்படையானவை, சட்டம் இயற்றும்போது இவற்றைப் பின்பற்றுவது அரசின் கடமை என்பது இன்னொன்று. மனு எழுதுபவர்கள் இரண்டாவதைப் படித்துவிட்டு முதலாவதை மறந்துவிடுகிறார்கள். அரசு வழக்கறிஞர்கள் முதலாவதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்கிறார்கள்.

1937-ம் ஆண்டின் அயர்லாந்து அரசியலமைப்பைப் பார்த்து எடுத்த அமைப்பு இது. அரசியல் நிர்ணய சபையிலேயே இதற்கு எதிர்ப்பு இருந்தது. வங்கிக்கு வசதிப்படும்போது பணம் தரும் காசோலை என்று கே.டி. ஷா கேலி செய்தார். அம்பேத்கர் சொன்ன பதிலின் சாரம்: ஆட்சிக்கு வருபவர் இதற்காக நீதிமன்றத்தில் பதில் சொல்ல வேண்டியதில்லாமல் இருக்கலாம், தேர்தலில் வாக்காளருக்குப் பதில் சொல்லியாக வேண்டும். அந்தச் சபையில் நம் பக்கத்துக்காரர்களும் இருந்தார்கள்: கோவையின் கூட்டுறவு முன்னோடி டி.ஏ. இராமலிங்கம் செட்டியார், திருச்செங்கோடு குமாரமங்கலத்தின் ப. சுப்பராயன், பொள்ளாச்சிப் பக்கத்து சி. சுப்பிரமணியம். கூட்டுறவுச் சங்கங்களை வளர்க்க வேண்டும் என்ற 43பி பிரிவு 2011-ம் ஆண்டின் 97-வது திருத்தத்தில்தான் நான்காம் பகுதிக்குள் வந்தது.

உரிமையும் கோட்பாடும் மோதினால்

இதற்கு விடை கிடைக்க முப்பது வருடம் பிடித்தது. சுருக்கமாக:

1. 1951, செண்பகம் துரைராஜன் வழக்கு. கல்லூரி இடங்களைச் சாதிவாரியாகப் பங்கிட்ட சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி அரசாணைக்கு 46-வது பிரிவை (நலிந்த பிரிவினரின் கல்வி நலன்) அரசு துணைக்கு அழைத்தது. அடிப்படை உரிமைதான் மேல், கோட்பாடு அதற்குக் கீழ்ப்பட்டது என்று உச்ச நீதிமன்றம் அரசாணையை ரத்து செய்தது. அதே ஆண்டு முதல் திருத்தம் வந்தது, 15(4) சேர்ந்தது. இட ஒதுக்கீட்டின் வரலாறு இங்கிருந்து தனியாகப் போகிறது.

2. 1971-ல் 25-வது திருத்தம் 31சி-யைக் கொண்டு வந்தது. 39(பி), 39(சி) ஆகிய இரண்டு கோட்பாடுகளை (வளங்களைப் பொதுநன்மைக்குப் பங்கிடுவது, செல்வம் சிலர் கையில் குவியாமல் பார்ப்பது) நிறைவேற்றப் போடும் சட்டத்தை 14, 19-ஐக் காட்டி ரத்து செய்ய முடியாது என்றது.

3. 1973 ஏப்ரல் 24, கேசவானந்த பாரதி வழக்கு. 13 நீதிபதிகள், 7-க்கு 6. நாடாளுமன்றம் அரசியலமைப்பைத் திருத்தலாம், ஆனால் அதன் அடிப்படைக் கட்டமைப்பை உடைக்கக் கூடாது.

4. 1976-ல் 42-வது திருத்தம் 31சி-யின் பாதுகாப்பை எல்லாக் கோட்பாடுகளுக்கும் விரித்தது. 1980-ல் மினர்வா மில்ஸ் வழக்கில் அந்த விரிவாக்கம் செல்லாது என்றானது. மூன்றாம் பகுதியும் நான்காம் பகுதியும் சமநிலையில் நிற்க வேண்டும், ஒன்றுக்காக இன்னொன்றை முழுக்கக் காவு கொடுக்க முடியாது.

இன்றைக்கும் நிலைமை இதுதான். நடைமுறையில் ஒரு கோட்பாடு நீதிமன்றத்துக்குள் நுழைய மூன்று வழிகள் உண்டு. ஒன்று, சட்டசபையோ நாடாளுமன்றமோ அதைச் சட்டமாக்குவது. இரண்டு, அதை ஒரு அடிப்படை உரிமையோடு சேர்த்துப் படிப்பது, பெரும்பாலும் 21-ஓடு. மூன்று, அரசு போட்ட கட்டுப்பாட்டை எதிர்த்து வரும் வழக்கில் அந்தக் கட்டுப்பாடு நியாயமானது என்று காட்ட அரசே அதைப் பயன்படுத்துவது. மூன்றில் ஒன்றும் இல்லாத மனு, நுகத்தில் பூட்டாத காங்கேயம் காளை மாதிரி. பலம் எவ்வளவு இருந்தாலும் ஏர் நகராது.

நொய்யல்: 48ஏ பல் முளைத்த கதை

இரண்டாவது வழி எப்படி வேலை செய்கிறது என்பதற்கு நொய்யலை விடத் தெளிவான பாடம் தமிழ்நாட்டில் இல்லை. கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம்.

முதலில் பிரச்சினையின் வேதியியல். பருத்திப் பனியனில் சாயம் நன்றாக ஏற, சாயக் குளியலில் உப்பைக் கொட்ட வேண்டும். சாதாரண உப்போ சோடியம் சல்பேட்டோ, ஏதோ ஒன்று. துணி சாயத்தைப் பிடித்துக்கொள்ளும், உப்பு தண்ணீரிலேயே தங்கிவிடும். சுண்ணாம்பு போட்டுக் கலக்கி, படியவிட்டு, நுண்ணுயிர்த் தொட்டியில் விட்டால் நிறமும் சகதியும் குறையும். கரைந்த உப்பு அப்படியே இருக்கும். பார்க்கத் தெளிந்த தண்ணீர்தான், வயலுக்குப் பாய்ச்சினால் மண் வெளுத்துப் போகும். கரைந்த திடப்பொருள் லிட்டருக்கு 2,100 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது கழிவுநீருக்கான வரம்பு. சாயப்பட்டறைத் தண்ணீர் இதைப் பல மடங்கு தாண்டும். உப்பைப் பிரிக்க எதிர்ச் சவ்வூடுபரவல் எந்திரம் வேண்டும். அதில் மிஞ்சும் கெட்டி உப்புநீரை ஆவியாக்கிக் காய்ச்ச வேண்டும். சொட்டுக் கழிவுகூட வெளியே போகாத நிலை என்று சொல்வது இதைத்தான். செலவும் மின்சாரமும் விறகும் கரைவது கடைசிக் கட்டத்தில். ஆற்றில் திறந்துவிடும் ஆசை வருவதும் அங்கேதான்.

நொய்யலின் குறுக்கே கட்டிய ஒரத்துப்பாளையம் அணை 1992-ல் பாசனத்துக்கென்று திறக்கப்பட்டது. சில ஆண்டுகளிலேயே சாயக்கழிவு தேங்கும் குட்டையானது. அணை கட்டினால் தண்ணீர் விடச் சொல்லித்தான் விவசாயி வழக்கமாகக் கேட்பார். இங்கே இந்தத் தண்ணீரை எங்கள் பக்கம் விடாதீர்கள் என்று கேட்க வேண்டி வந்தது.

48ஏ என்ன சொல்கிறது? சுற்றுச்சூழலைக் காத்து மேம்படுத்த அரசு முயல வேண்டும் என்கிறது. முயல வேண்டும், அவ்வளவுதான். இதை வைத்து ஒரு பட்டறையை மூட முடியாது. பின் எப்படி மூடினார்கள்? படிப்படியாக:

1. 1991-ல் சுபாஷ் குமார் வழக்கில், மாசில்லாத நீரும் காற்றும் 21-வது பிரிவின் உயிர் வாழும் உரிமைக்குள் அடங்கும் என்றது உச்ச நீதிமன்றம்.

2. 1996 ஆகஸ்ட் 28-ல், பாலாற்றுத் தோல் தொழிற்சாலைகள் பற்றிய வேலூர் வழக்கில் அதே நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போனது. 21, 47, 48ஏ, 51ஏ(ஜி) (சூழலைக் காக்கும் குடிமக்கள் கடமை) நான்கையும் ஒன்றாகப் படித்து, முன்னெச்சரிக்கைக் கோட்பாடும், மாசுபடுத்தியவரே இழப்பைத் தர வேண்டும் என்ற கோட்பாடும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என்றது. தோல் தொழில் அந்நியச் செலாவணி ஈட்டுகிறது, வேலை தருகிறது என்பதற்காகச் சூழலைக் கெடுக்கும் உரிமை அதற்குக் கிடையாது என்றும் சொன்னது. 47 இந்தப் பட்டியலில் இருப்பதைக் கவனியுங்கள். இங்கே அது பொதுச் சுகாதாரம் என்ற முகத்தோடு வந்தது, 21-ஓடு சேர்ந்து வந்தது, அதனால் வென்றது.

3. நொய்யல் ஆயக்கட்டுதாரர் (பாசன விவசாயிகள்) சங்கம் போட்ட வழக்கில் 2006 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் இந்தக் கோட்பாடுகளைத் திருப்பூர்ப் பட்டறைகள் மேல் ஏற்றியது. வெளியேற்றும் ஒவ்வொரு லிட்டருக்கும் 6 காசில் ஆரம்பித்து 10 காசு வரை ஏறும் தண்டத் தொகை, அதோடு காலக்கெடு. காசு என்று கேட்கச் சின்னதாகத் தெரியும். நாளுக்கு லட்சக்கணக்கான லிட்டர் விடும் பட்டறைக்கு அது சின்னத் தொகையல்ல.

4. சாயப்பட்டறையாளர் தரப்பு உச்ச நீதிமன்றம் போனது. 2009 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்து, சொட்டுக் கழிவும் வெளியேறாத நிலையை எட்ட மூன்று மாதம் கெடு கொடுத்தது.

5. கெடு கடந்தும் ஆற்றில் கழிவு போனதால், 2011 ஜனவரி இறுதியில் உயர் நீதிமன்றம் எழுநூற்றுக்கும் மேற்பட்ட சாய, சலவைப் பட்டறைகளை மூட உத்தரவிட்டது. மின் இணைப்பும் துண்டிக்கப்பட்டது.

பட்டறைகள் 19(1)(ஜி) தொழில் உரிமையைக் காட்டின. அந்த உரிமைக்குப் பொதுநலன் கருதி நியாயமான கட்டுப்பாடு போடலாம் என்று 19(6) சொல்கிறது. கட்டுப்பாடு நியாயமானதா என்று எடைபோடும்போது 48ஏ தட்டில் வந்து விழுகிறது. மேலே சொன்ன மூன்றாவது வழி இது. ஒரே வழக்கில் இரண்டு வழியும் வேலை செய்தன.

இதற்கிடையே 2010-ம் ஆண்டின் தேசியப் பசுமைத் தீர்ப்பாயச் சட்டம் இந்தக் கோட்பாடுகளைத் தன் 20-வது பிரிவிலேயே எழுதிக்கொண்டது. இனி யாரும் 48ஏ-யிலிருந்து வாதத்தைக் கட்டி எழுப்ப வேண்டியதில்லை, சட்டமே கையில் இருக்கிறது. கெடு மட்டும் கவனம்: சுற்றுச்சூழல் சட்டங்கள் சார்ந்த தகராறுக்கு, காரணம் எழுந்த நாளிலிருந்து 6 மாதம். இழப்பீட்டுக்கு 5 ஆண்டு. இரண்டிலும் தக்க காரணம் காட்டினால் கூடுதலாக 60 நாள் வரை தரலாம். மூன்று பருவம் பொறுத்துப் பார்த்துவிட்டு வருபவர்கள் முதல் கெடுவில்தான் விழுகிறார்கள்.

வழக்கில் வென்றதால் ஆறு வெள்ளையாகிவிடவில்லை. தீர்ப்பு பட்டறையைக் கட்டுப்படுத்தியது. அடிமண்ணில் இறங்கிய உப்பு தீர்ப்பைப் படிப்பதில்லை. மழைக்காலத்தில் இரவோடு இரவாகக் கழிவைத் திறந்துவிடுவதாகப் புகார்கள் இன்றும் வருகின்றன.

கூலி: 43-ம் 23-ம் வேறு வேறு

43 சொல்வது வாழ்வதற்குப் போதுமான கூலி. குறைந்தபட்சக் கூலி அதற்குக் கீழே இருக்கும் படி, உயிரையும் உழைக்கும் திறனையும் காப்பதற்கானது. இரண்டுக்கும் நடுவில் நியாயக் கூலி. இந்த மூன்று படிகளும் 1948-ல் அமைந்த நியாயக் கூலிக் குழு வகுத்தவை. சட்டத்தால் கேட்டு வாங்கக் கூடியது அடிப்படி மட்டும். மேல்படிக்கு இன்னும் பேச்சுவார்த்தைதான்.

குறைந்தபட்சக் கூலிச் சட்டமே தொழில் உரிமையைப் பறிக்கிறது என்று முதலாளிகள் போட்ட பிஜய் காட்டன் மில்ஸ் வழக்கில், 1954-ல் உச்ச நீதிமன்றம் 43-ஐக் காட்டித்தான் சட்டத்தைக் காப்பாற்றியது. இங்கும் மூன்றாவது வழி.

1982-ல் ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் விஷயம் இன்னும் கூர்மையானது. குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுத்து வேலை வாங்குவது 23-வது பிரிவு தடுக்கும் கட்டாய உழைப்பு என்றது உச்ச நீதிமன்றம். 23 தனியார் மேலும் பாயும். அடிப்படை உரிமைகளில் பலவும் அரசுக்கு எதிராகத்தான் செல்லுபடியாகும், இது அப்படியல்ல. நூற்பாலைகளில் இளம்பெண்களை மூன்று வருடம் தங்கவைத்து, முடிவில் மொத்தத் தொகை தருவதாகச் சொன்ன சுமங்கலித் திட்டத்தின் மேல் சட்டம் கை வைத்ததும் இந்தப் பக்கத்திலிருந்துதான். கூலியைப் பிடித்து வைப்பதும் விடுதியை விட்டு வெளியே விடாததும் 23. வயது 14-க்குக் கீழென்றால் 24. உடல்நலமும் இளமையும் சுரண்டப்படக் கூடாது என்ற 39(ஈ), 39(எஃப்) பின்னால் நின்று தாங்குகின்றன.

பள்ளிபாளையம், குமாரபாளையம் விசைத்தறிகளில் முன்பணம் வாங்கிக்கொண்டு தறி ஓட்டுவது வழக்கம். முன்பணம் வாங்கியதாலேயே கொத்தடிமை ஆகிவிடாது. கடன் தீரும் வரை வேறு தறிக்குப் போக முடியாது, ஊரை விட்டு வெளியேற முடியாது, கூலியைக் குறைத்துக் கொடுத்தாலும் கேட்க முடியாது என்ற நிலை வந்தால் 1976-ம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் வரும். அதில் தெரிந்துகொள்ள வேண்டியவை:

1. கடனைத் திருப்பித் தரும் பொறுப்பு சட்டத்தாலேயே ஒழிந்துவிடுகிறது (6-வது பிரிவு). முன்பணத்தைக் கட்டிவிட்டுப் போ என்று கேட்பதற்கு இடமில்லை.

2. இது கொத்தடிமைக் கடன் அல்ல என்று நிரூபிக்கும் சுமை கடன் கொடுத்தவர் மேல் (15-வது பிரிவு). தொழிலாளியிடம் ரசீது கேட்டுத் திருப்பி அனுப்புவது சட்டப்படி தவறு.

3. பொறுப்பு ஆட்சியருக்கும் அவர் அதிகாரம் கொடுத்த கோட்டாட்சியருக்கும். விசாரித்து விடுவிப்புச் சான்றிதழ் தர வேண்டும்.

4. 2016-ல் வந்த மத்திய மறுவாழ்வுத் திட்டப்படி ஆண்களுக்கு 1 லட்சம், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் 2 லட்சம், கொடுமை மிகுந்த நிலைகளில் 3 லட்சம் ரூபாய். முழுத் தொகையையும் குற்றம் நிரூபணமாவதோடு கட்டிவைத்திருப்பதால் பல பேருக்கு உடனடி உதவித்தொகையோடு நின்றுபோகிறது.

சோமனூர், பல்லடம் பக்கத்துக் கூலி நெசவு விசைத்தறிக்காரர்களின் நிலை வேறு. தறி அவர்களுடையது. பாவும் ஊடையும் ஜவுளி உற்பத்தியாளர் கொடுப்பது. மீட்டருக்கு இவ்வளவு என்று கூலி. சட்டத்தின் கண்ணில் இவர்கள் தொழிலாளி இல்லை, சிறு முதலாளி. அதனால் குறைந்தபட்சக் கூலிச் சட்டமும் இல்லை, 23-ம் பெரும்பாலும் பொருந்தாது. ஆட்சியர் அலுவலகத்தில் உட்கார்ந்து கூலி உயர்வு ஒப்பந்தம் போட்டாலும், அதை மீறினால் வழக்குப் போட ஒரு சட்டம் இல்லை. கூலி ஒப்பந்தத்துக்குச் சட்டப் பாதுகாப்பு வேண்டும் என்று அவர்கள் கேட்பதன் பொருள் இதுதான்: 43-க்கு ஒரு சட்டம் போடு. கேட்க வேண்டிய இடம் கோட்டைதான், உயர் நீதிமன்றம் அல்ல.

நிலம்: 39(பி) பயமும் 300ஏ பாதுகாப்பும்

சொத்து ஒரு காலத்தில் அடிப்படை உரிமை. 1978-ன் 44-வது திருத்தம் அதை மூன்றாம் பகுதியிலிருந்து எடுத்து 300ஏ-யில் வைத்தது: சட்டத்தின் அதிகாரம் இல்லாமல் யாருடைய சொத்தையும் எடுக்கக் கூடாது. அடிப்படை உரிமை இல்லை என்பதால் 32-ன் கீழ் உச்ச நீதிமன்றம் போக முடியாது, 226-ன் கீழ் உயர் நீதிமன்றம் போகலாம்.

சமூகத்தின் பொருள் வளங்களைப் பொதுநன்மைக்குப் பங்கிட வேண்டும் என்கிற 39(பி)-யைக் காட்டி எந்தத் தனியார் நிலத்தையும் எடுத்துவிடலாமா என்ற கேள்விக்கு 2024 நவம்பர் 5-ல் ஒன்பது நீதிபதிகள் அமர்வு பதில் சொன்னது. தனியார் சொத்து எல்லாமே சமூகத்தின் வளம் ஆகிவிடாது. பொருளின் தன்மை, தட்டுப்பாடு, சிலர் கையில் குவிவதால் வரும் விளைவு ஆகியவற்றைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். அதே ஆண்டு மே மாதம் கொல்கத்தா மாநகராட்சி தொடர்பான வழக்கில் 300ஏ-க்குள் ஏழு கூறுகள் இருப்பதாக உச்ச நீதிமன்றம் பிரித்துச் சொன்னது: அறிவிப்பு, ஆட்சேபம் கேட்பது, காரணத்தோடு முடிவு, பொதுக் காரியம், நியாயமான இழப்பீடு, முறையான நடவடிக்கை, காலத்துக்குள் முடிப்பது. ஆட்சேபம் எழுதும்போது இந்த ஏழையும் வரிசையாக வைத்து எது தவறியது என்று குறிப்பது நல்ல பழக்கம்.

ஆனால் கெயில் குழாயும் உயர் மின்கோபுரமும் நிலத்தை எடுப்பதில்லை, பயன்படுத்தும் உரிமையை மட்டும் எடுக்கின்றன. குழாய்க்கு 1962-ம் ஆண்டுச் சட்டம். பட்டா விவசாயி பெயரிலேயே இருக்கும், குழாயின் மேல் கட்டடம் கட்டவோ மரம் நடவோ முடியாது. இழப்பீடு சந்தை மதிப்பில் 10 சதவீதமும், பயிர் மரச் சேதமும். மேற்கு மாவட்டங்களின் தோட்டங்கள் வழியே வேண்டாம், நெடுஞ்சாலை ஓரம் கொண்டுபோ என்று 2013-ல் மாநில அரசு சொன்னது உயர் நீதிமன்றத்தில் நிற்கவில்லை. 2016 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றத்திலும் நிற்கவில்லை, அதிகாரம் மத்தியச் சட்டத்தில் இருந்தது. மாநில அரசே துணை நின்றும் தோற்ற வழக்கு என்பதை இழப்பீடு போதாது என்று போராடுபவர்கள் மறக்கக் கூடாது. திட்டத்தையே எதிர்ப்பதை விட, தொகை போதாது என்று மாவட்ட நீதிபதி முன் போகும் வழி குறுகியது, ஆனால் திறந்தே இருக்கிறது.

மறுபடி 47

47-ல் இரண்டு பாதி. மக்களின் ஊட்டச்சத்தையும் வாழ்க்கைத் தரத்தையும் உயர்த்தி, பொதுச் சுகாதாரத்தை மேம்படுத்துவது அரசின் முதன்மைக் கடமைகளில் ஒன்று என்பது முதல் பாதி. அதற்காக, மருந்துக்குத் தவிர, போதை பானங்களையும் உடலுக்குக் கேடான போதைப் பொருள்களையும் விலக்க முயல வேண்டும் என்பது இரண்டாம் பாதி. கள் உணவு, அதில் சத்து இருக்கிறது என்பவர்கள் முதல் பாதியைப் பிடிக்கிறார்கள். கடை வேண்டாம் என்பவர்கள் இரண்டாம் பாதியை.

மதுவிலக்கு 47-ஓடு வந்ததல்ல. 1937 அக்டோபர் 1-ல் அன்றைய சேலம் மாவட்டத்தில்தான் ராஜாஜி அரசு அதை முதலில் அமலாக்கியது. அந்த 1937-ம் ஆண்டுச் சட்டம்தான் திருத்தங்களோடு இன்றும் இருக்கிறது. கள்ளுக்கு 1987 ஜனவரி 1 முதல் தடை. பொள்ளாச்சியிலிருந்து எல்லை தாண்டி பாலக்காட்டின் சித்தூர்ப் பக்கம் போனால் அதே தென்னையில் உரிமத்தோடு கள் இறங்குகிறது. இது கேட்பவருக்கு முரணாகத் தெரியும், சட்டத்தில் முரண் இல்லை. மது மாநிலப் பட்டியலில் இருக்கும் விஷயம்.

கள் தரப்பின் வலுவான வாதம் 47 அல்ல, 14. சீமைச் சரக்கை அரசே விற்றுக்கொண்டு கள்ளை மட்டும் தடுப்பது என்ன பாகுபாடு என்பது. இதற்கு எதிரே இருக்கும் சுவர்கள் இரண்டு. மது வியாபாரம் அடிப்படை உரிமை அல்ல என்ற கோடே டிஸ்டில்லரீஸ் தீர்ப்பு (1994) ஒன்று. எந்த மதுவை எங்கே அனுமதிப்பது என்பது அரசின் கொள்கை முடிவு என்று கேரளத்து மதுக்கூட வழக்கில் 2015 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஒதுங்கிக்கொண்டது இன்னொன்று. கலப்படம் வரும், கண்காணிக்க முடியாது என்று அரசு சொன்னாலே காரணம் இருப்பதாக நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். நீராவுக்கு (புளிக்காத தென்னம்பாளைச் சாறு) 2017-ல் விதிகள் வந்தது போல, கள்ளுக்கும் சட்டத்திருத்தம்தான் நேர்வழி.

கடை எதிர்ப்புத் தரப்பின் நிலைமை இதைவிட மேல், ஏனென்றால் அவர்களுக்கு 47-க்குக் கீழே விதி இருக்கிறது. 2003-ம் ஆண்டின் சில்லறை விற்பனை விதிகளின்படி வழிபாட்டு இடத்திலிருந்தும் கல்வி நிலையத்திலிருந்தும் மாநகராட்சி, நகராட்சிகளில் 50 மீட்டரும் மற்ற இடங்களில் 100 மீட்டரும் தள்ளித்தான் கடை இருக்க வேண்டும். வணிகப் பகுதி, தொழிற்பகுதி என்று வரையறுத்த இடங்களுக்கு இந்தத் தூரம் பொருந்தாது, பல மனுக்கள் தோற்பது இங்கே. 2016 டிசம்பரில் நெடுஞ்சாலைக் கடைகளுக்கு 500 மீட்டர் தூரம் வந்ததும் மதுவிலக்கு கேட்ட வழக்கில் அல்ல, சாலை விபத்துச் சாவுகளை முன்வைத்த வழக்கில். பிறகு 20,000 பேருக்கு உட்பட்ட ஊர்களுக்கு 220 மீட்டராகக் குறைந்தது, நகராட்சி எல்லைக்குள் பொருந்தாது என்றும் விளக்கம் வந்தது.

மனு எழுதும்போது

1. முதலில் விதியைத் தேடுங்கள், பிறகு அடிப்படை உரிமை, கடைசியில் கோட்பாடு. மனுவின் முதல் பத்தியே 47 அல்லது 48ஏ என்றால் பதிலும் ஒரு பத்தியில் வந்துவிடும்: கொள்கை முடிவு.

2. எந்த அதிகாரிக்கு அதிகாரம் என்று பாருங்கள். ஆவண விவரம் இல்லையென்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டிக் கேளுங்கள், 30 நாளில் பதில் வர வேண்டும்.

3. கோரிக்கையை விரைவுத் தபாலில், பதிவும் ஒப்புகையும் சேர்த்து அனுப்புங்கள். கடமையைச் செய்யச் சொல்லி ஆணை கேட்கும் ரிட் மனுவுக்கு, கேட்டும் செய்யவில்லை என்று காட்டுவது அவசியம். குறைதீர் கூட்டத்து ரசீதும் உதவும்.

4. கிராமசபைத் தீர்மானம் (ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாள்களில்) நல்ல ஆதாரம். தீர்மானம் போட்டதாலேயே கடை மூடிவிடாது. நகலில் வருகைக் கையெழுத்தும் தீர்மான எண்ணும் இருக்க வேண்டும்.

5. தூரம், அளவு, சேதம் ஆகியவற்றில் இரு தரப்பும் வேறு வேறு சொன்னால், ரிட் நீதிமன்றம் சாட்சி விசாரித்துக்கொண்டிருக்காது. அளந்த வரைபடம், ஆய்வக நீர்ப் பரிசோதனை, தேதியிட்ட படம் முன்கூட்டியே வேண்டும். தண்ணீர் மாதிரியை நாமே பாட்டிலில் பிடித்துக்கொண்டு போனால் எதிர்த்தரப்பு முதலில் அதைத்தான் உடைக்கும். மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அலுவலரை எடுக்கச் சொல்லிக் கடிதம் கொடுத்து, அவர் வராவிட்டால் அதையும் பதிவு செய்யுங்கள்.

6. இடம்: கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், சேலத்துக்குச் சென்னை முதன்மை அமர்வு. கரூருக்கு மதுரைக் கிளை. நொய்யல் காவிரியில் சேருவது கரூர் மாவட்டத்தில் என்பதால், ஒரே ஆற்றுக்கு மேல்மடைக்காரர் சென்னையும் கடைமடைக்காரர் மதுரையும் போக வேண்டியிருக்கிறது. பசுமைத் தீர்ப்பாயத்துக்குச் சென்னைத் தென்மண்டல அமர்வு எல்லாருக்கும் ஒன்று.

7. வக்கீல் செலவுக்கு வழியில்லாதவர்களுக்கு 39ஏ, முழுக்கச் சட்டமாகிவிட்ட கோட்பாடு. 1987-ம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிற்சாலைத் தொழிலாளர்கள் ஆகியோர் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் கேட்கலாம். மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் மாவட்டக் குழு, வட்ட அளவில் வட்டக் குழு. தொலைபேசி எண் 15100. பள்ளிபாளையத்துத் தறியில் வேலை பார்க்கும் ஒரு பெண் இந்த வரிசையில் இரண்டு தகுதியோடு நிற்கிறார், வருமானச் சான்று கொண்டு வா என்று அவரிடம் யாராவது சொன்னால் அந்தச் சட்டத்தின் 12-வது பிரிவைக் காட்டலாம்.